டெல்டாவில் வறுமை, சாதி, குற்றச் சட்டம்: வரலாற்று ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

பாமணியாற்றுப் பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம், எம்.ஏ. வரலாறு கடைசிப் பருவம். பிஎச்.டி.க்கு நினைத்திருப்பது, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஏழைகள்மேல் குற்றச் சட்டம் எப்படிப் பாய்ந்தது என்பது. 1860இல் தண்டனைச் சட்டம் வந்ததிலிருந்து 1952இல் குற்றப் பரம்பரைச் சட்டம் (சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது) ஒழிந்தது வரை, பண்ணையாட்கள், குறவர், கள்ளர், வலையர் எல்லோரையும் சேர்த்து எடுக்கலாமா?

போலீஸ், கோர்ட் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, கேட்டால் கையில் கொடுப்பார்களா? அமெரிக்காவில் கறுப்பின மக்கள், வறுமை, சிறை பற்றி ஆராயும் வரலாற்றாசிரியர்களைப் படித்துவிட்டு வா என்கிறார்கள். அது நமக்கு எவ்வளவு தூரம் உதவும்? கடைசியாக, இதை நம்பிப் பிழைக்க முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

தங்கச்சி, நல்ல பொருள். ஆனால் அகலம் தாங்காது. முதலில் வருஷத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வரவில்லை. 1911 சட்டம்தான் இங்கே வந்தது, பிறகு 1924 சட்டம். அதை மதராஸ் 1947லேயே ரத்து செய்துவிட்டது, நாடு முழுக்க நீங்கியதுதான் 1952. 1948இல் 'வழக்கமான குற்றவாளி' என்ற பெயரில் வேறொரு சட்டம் இங்கே வந்தது. ஆகவே 1911–1948 என்று வைத்தால் முன்னும் பின்னும் கட்டுக்குள் நிற்கும். இடமும் ஒரு தாலுகா போதும். முழு ஜில்லா என்றால் ஐந்தாம் வருஷத்திலும் குறிப்பு எடுத்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன நாலு சமூகத்தையும் சட்டம் ஒரே வாசலில் பிடிக்கவில்லை. குறவர்கள் கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் கழுதை, பொதிமாடு வைத்து மாற்றி விற்றவர்கள். 1805இல் உப்பு கம்பெனி ஏகபோகமானது, 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடியது. பொதி வியாபாரம் படுத்தது. வியாபாரம் போனபின் ஊர் ஊராக நடந்தவர்கள், போலீஸ் ஏட்டில் 'நாடோடித் திருடர்' ஆனார்கள். கள்ளர் கதை காவல் கூலியில் தொடங்குகிறது. ஊர்க்காவலுக்கு வாங்கிய கூலியை 1859க்குப் பின் வந்த புதிய போலீஸ், மிரட்டிப் பறிப்பது என்று எழுதியது.

பண்ணையாள் விஷயம் எல்லாவற்றையும்விடக் கடினம். 1843 ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்தைக் கோர்ட் அங்கீகரிக்காது என்றது. ஆனால் 1859 பதின்மூன்றாம் சட்டம் முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராததைக் குற்றமாக்கியது. இது தவிர, களத்திலேயே மிராசுதார் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணி கரைத்துக் குடிக்க வைப்பது). தண்டித்தவரே நீதிபதி என்பதால் அதற்குக் கேஸ் கட்டு கிடையாது. போலீஸ் ஆவணத்தில் பண்ணையாளைத் தேடினால் ஆளே இல்லாததுபோல் இருக்கும். 'இந்த ஜில்லாவில் பண்ணையாட்கள்மேல் வழக்கு குறைவு, ஆகவே அமைதி' என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. அந்தக் குழியில் விழாதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: போலீஸ் கட்டிலிருந்து தொடங்காதீர்கள். நிலத்திலிருந்து தொடங்குங்கள். போலீஸ் ஆவணம், போலீஸ் எங்கே பார்த்தது என்பதைத்தான் முதலில் சொல்லும். நிலப் பதிவேடு, யார் யாரை எதற்காகப் பார்க்கச் சொன்னார்கள் என்று காட்டும்.

செய்முறை இப்படி. தாலுகாவில் மூன்று கிராமம் தேர்ந்தெடுங்கள்: ஒன்று காவிரிப் பாசனத்தில் முழு நஞ்சை, ஒன்று கடைமடை, ஒன்று புஞ்சையும் திடலும் உள்ளது. 1890களிலும் 1920களிலும் நடந்த செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயிப்பது) பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர், சர்வே எண், தீர்வை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சேரியும் குடித்தெருவும் எந்த சர்வே எண்ணில் என்று பாருங்கள். அரசுக்குரிய நத்தம் புறம்போக்கா, மிராசுதார் பட்டாவா? டெல்டாவில் பல இடத்தில் பட்டாதான். குடியிருக்கும் மண்ணே அவருடையது என்றால், கூலி கேட்டவனை வெளியேறச் சொல்லிவிட்டு, தண்டனைச் சட்டம் 447, அத்துமீறி நுழைந்தான் என்று கேஸ் கொடுக்கலாம். களத்து நெல்லை எடுத்தால் 379, வரப்பை வெட்டினால் 427. இந்த மூன்று பிரிவையும் கிராமப் படத்தோடு வைத்துப் பார்த்தால் வறுமையும் குற்றமும் சந்திக்கும் இடம் தெரியும். 1920களில் லேபர் டிபார்ட்மெண்ட் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆதிதிராவிடருக்கு மனை வாங்கிக் கொடுக்கும் திட்டத்தை ஏன் தனியாக நடத்தியது என்பதும் அப்போது விளங்கும்.

அரசலாறு எழுதியது:

வெண்ணாறு அண்ணன் சொன்னதற்குமேல், ஆவணக் காப்பகத்தில் கை வைக்கும் முறை.

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில். வழிகாட்டியின் கடிதம், அடையாளச் சான்று, புகைப்படம் கொண்டு போங்கள். கடிதத்தில் தலைப்பும் ஆண்டும் தெளிவாக இருக்கட்டும். '1911–1948' என்று எழுதிவிட்டு 1908 ஃபைலைக் கேட்டால் திருப்பி அனுப்ப இடம் கொடுக்கிறீர்கள். ஆரம்ப ஆண்டைப் பத்து வருஷம் முன்னே தள்ளி எழுதுவது நல்லது.

நேரே ஃபைலைக் கேட்காதீர்கள். அச்சான ஆண்டறிக்கைகளில் தொடங்குங்கள்: மதராஸ் போலீஸ் நிர்வாக அறிக்கை, சிறை நிர்வாக அறிக்கை, லேபர் கமிஷனர் அறிக்கை. தஞ்சாவூருக்கு 1883 ஜில்லா மேனுவலும் 1906 கெஜட்டியரும் (இரண்டும் ஜில்லா விவர நூல்கள்) கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை. அறிக்கையில் ஓர் அரசாணை எண் கிடைக்கும். அந்த ஆணையின் தலையில், இதற்குமுன் எந்தக் கடிதங்களைப் படித்து இந்த முடிவு எடுத்தோம் என்று ஒரு பத்தி இருக்கும். அந்த எண்களைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் கலெக்டர், சூப்பிரண்டெண்ட் எழுதிய மூலக் கடிதம் வரும். ஆணையைவிட அந்தக் கடிதம்தான் சரக்கு. ஆணை நாலு வரி, கடிதம் நாற்பது பக்கம்.

எந்த இலாகா என்பதில் நிறையப் பேர் நாள் கணக்கில் அலைகிறார்கள். குற்றப் பரம்பரை அறிவிப்பு முதலில் ஜுடிஷியல் தொகுதியில், பிறகு ஹோம், லா என்று நகரும். கூலி, மனை, குடியேற்றம் என்றால் ரெவின்யூ, லேபர். ஒரே சம்பவம் மூன்று இடத்தில் மூன்று மொழியில் இருக்கும். ரெவின்யூ 'குடி' என்று எழுதியவரை ஜுடிஷியல் 'குற்றவாளி' என்றும் லேபர் 'தாழ்த்தப்பட்ட வகுப்பினர்' என்றும் எழுதும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிப்பெடுங்கள்.

பசலி வருஷத்தில் (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) தவறு செய்யாதீர்கள். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஆனால் பசலி ஜூலை 1இல் பிறக்கும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. சம்பா அறுவடைக் காலத்து வழக்கை ஒரு வருஷம் தள்ளி எழுதிவிட்டால் நெல் விலையோடு பொருத்தும் கணக்கு முழுக்கக் கெடும். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) தானியக் கொள்ளை ஏறியதைப் போலீஸ் அறிக்கைகளே விலைவாசியோடு சேர்த்துப் பேசுகின்றன. அந்த ஒப்பீட்டை உங்கள் காலத்துக்கும் செய்யலாம், மாதம் சரியாக இருந்தால்.

ஊர்ப்பெயர், எல்லை: மயிலாடுதுறை என்று தேடினால் கிடைக்காது, மாயவரம், மாயூரம் இரண்டிலும் தேடுங்கள். அறந்தாங்கி 1974 வரை தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு. குற்றப் பரம்பரைப் பதிவுக்கு உட்பட்டவர் அரசலாற்றைத் தாண்டிக் காரைக்கால் போய்விட்டால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. எல்லைக் கிராமங்களின் கடிதப் போக்குவரத்து அதனாலேயே சுவையானது. கலெக்டர் கச்சேரியும் இடம் மாறியிருக்கிறது: 1845 வரை நாகப்பட்டினம், பிறகு 1860 வரை தரங்கம்பாடி, அப்புறம்தான் தஞ்சாவூர். ஜில்லா பிரிந்தபின் (நாகை 1991, திருவாரூர் 1997, மயிலாடுதுறை 2020) எந்தக் கட்டு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று ஆவண அறைப் பொறுப்பாளரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய பதிவேட்டில் 'ஆர்.டிஸ்.' என்றிருந்தால் நிரந்தரமாக வைக்க வேண்டியது, 'டி.டிஸ்.' என்றால் பத்து வருஷத்தில் அழிக்க வேண்டியது. டி.டிஸ். எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் தேடுவது வீண். அதே விஷயத்துக்கு ஆர்.டிஸ். அல்லது அரசாணை உண்டா என்று பாருங்கள்.

குடமுருட்டி எழுதியது:

கோர்ட், போலீஸ் பக்கம் நான் சொல்கிறேன்.

கீழ்க் கோர்ட் கேஸ் கட்டுகளில் பெரும்பாலானவை காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டவை. 1917 சட்டப்படி ஆவணம் அழிப்பது முறையான வேலை, யாரும் ஒளித்துவைக்கவில்லை. மிஞ்சியிருக்கக் கூடியது தீர்ப்பும் பதிவேடும். பதிவேட்டில் வழக்கு எண், பிரிவு, குற்றவாளி பெயர், முடிவு இருக்கும், சாட்சியம் இருக்காது. சாட்சியத்தின் மணம் வேண்டுமென்றால் ஹைகோர்ட்டுக்குப் போன வழக்குகளைப் பிடியுங்கள். 1876 முதல் வரும் இந்தியச் சட்ட அறிக்கைகளின் மதராஸ் வரிசையும், 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் தாலுகாப் பெயர் வைத்துத் தேடத் தகுந்தவை. ஆனால் ஹைகோர்ட் வரை போக வக்கீலுக்குக் காசு வேண்டும். அங்கே இருப்பதை வைத்து எல்லா ஏழைகளின் வழக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கோர்ட் தீர்ப்பு நகல் கேட்டு மனு போடாதீர்கள். 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: கோர்ட் ஆவண நகலுக்குக் கோர்ட் விதிப்படி நகல் மனுதான். வழக்கில் சம்பந்தமில்லாதவர் ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி மனு போட வேண்டும். போலீஸ், சிறை, வருவாய்த் துறைக்கு ஆர்.டி.ஐ. பயன்படும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 6(1)இன்படி மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1)இல் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். ஆராய்ச்சிக்காரர்கள் மறக்கும் பிரிவு 8(3): 20 வருஷத்துக்கு முந்தைய சம்பவம் பற்றிய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. மனுவிலேயே அந்தப் பிரிவை எழுதுங்கள். 'குற்றப் பரம்பரைத் தொடர்பான எல்லா ஆவணமும்' என்று கேட்டால், அப்படி எதுவும் தொகுத்து வைக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'இந்தக் காவல் நிலையத்தில் இந்த ஆண்டுகளுக்குரிய எந்தெந்தப் பதிவேடுகள் இருப்பில் உள்ளன, எவை எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன, அழித்த உத்தரவின் நகல்' என்று கேளுங்கள். எது இல்லை என்பதற்கு எழுத்து ஆதாரம் கையில் வந்தால் அதுவே ஆய்வேட்டில் ஒரு பத்தி.

சட்டப் பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1924 சட்டத்தில் பிரிவு 3 ஒரு கூட்டத்தையே குற்றப் பரம்பரை என்று அறிவிப்பது. பிரிவு 10 பதிவு செய்யப்பட்டவர் குறித்த நேரத்தில் வந்து ஆஜராவது, வீடு மாறினால் சொல்வது. ராதாரிச் சீட்டு என்று சனங்கள் சொல்வது இந்த வகைக் கட்டுப்பாட்டைத்தான். பிரிவு 23, சட்டத்தின் அட்டவணையில் சொன்ன குற்றங்களுக்கு, இரண்டாம் தண்டனைக்குக் குறைந்தது ஏழு வருஷம், மூன்றாவதற்கு ஆயுள் நாடுகடத்தல். ஒருவர் தண்டனை பெற்றது முதல் முறையா, மூன்றாம் முறையா என்பதில் வாழ்க்கையே மாறிவிடும். கூடவே குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 109, 110: பிழைப்புக்கு வழி சொல்லத் தெரியாதவனையும் வழக்கமான குற்றவாளி என்று பெயரெடுத்தவனையும் ஜாமீன் கேட்டு உள்ளே வைப்பது. அவற்றின் வாரிசுப் பிரிவுகள் இப்போது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 128, 129 என்ற எண்ணில் இருக்கின்றன. ஊரில் 'கேடி' என்று வைகிறோமே, அது போலீஸ் பதிவேட்டில் 'அறியப்பட்ட கொள்ளைக்காரன்' (நோன் டெப்ரிடேட்டர்) என்பதன் ஆங்கில முதலெழுத்து இரண்டு. ஏட்டில் இருந்த சுருக்கம் எப்போது தெருவில் வசவானது என்று தேடினாலே ஒரு நல்ல கட்டுரை வரும்.

தீர்ப்பைப் படிக்கப் பழக வெண்மணி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் காலத்துக்குப் பிந்தியது என்றாலும். 1968 டிசம்பர் 25, நாகை அருகே கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் எட்டுப் பேருக்குப் பத்து வருஷம் கொடுத்தது. 1973இல் ஹைகோர்ட் எல்லோரையும் விடுவித்தது. 1990இல் சுப்ரீம் கோர்ட் மேல்முறையீட்டைத் தள்ளியது. நிலமும் காரும் உள்ள பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து ஹைகோர்ட் தீர்ப்பில் வருகிறது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் கொலையான வழக்கில் தொழிலாளர்களுக்கு எதிரான சாட்சிகளை எப்படி எடைபோட்டார்கள் என்று பாருங்கள். சொத்து ஒருவரின் நடத்தைக்குச் சாட்சியாவது, சொத்தின்மை இன்னொருவரின் நடத்தைக்குச் சாட்சியாவது: இந்த இரண்டையும் தனித்தனி நிறப் பேனாவில் கோடிட்டுப் படித்தால் பிறகு எந்தப் பழைய தீர்ப்பையும் படிக்கத் தெரிந்துவிடும்.

நாகைத் துறை எழுதியது:

அமெரிக்க ஒப்பீடு பற்றி. படியுங்கள், ஆனால் முடிவை வாங்காதீர்கள், முறையை வாங்குங்கள்.

அங்கே 1896இல் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் புள்ளியியலாளர் ஃபிரடெரிக் ஹாஃப்மன், சிறைக் கணக்கையும் மரணக் கணக்கையும் வைத்துக் கறுப்பின மக்களுக்குக் குற்றம் பிறவிக் குணம் என்று நிறுவப் பார்த்தார். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1892இல், மதராஸில் போலீஸ் அதிகாரி முல்லாலி மாகாணத்துக் 'குற்ற வகுப்பார்' பற்றிச் சாதிவாரிப் புத்தகம் அச்சிட்டார். மதராஸ் அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் மண்டையும் மூக்கும் அளந்து போலீசாருக்கே பாடம் நடத்தினார். இருவேறு கண்டத்தில் ஒரே காலத்தில் ஒரே வேலை: பிடிபட்டவர்களின் எண்ணிக்கையை எடுத்து, அதையே பிடிக்க வேண்டியவர்களின் இலக்கணமாக்குவது. சிறைக் கணக்கு எப்படித் தயாரானது என்று கேட்கும் பழக்கம் அமெரிக்க வரலாற்றாசிரியர்களிடம் நன்றாக முற்றியிருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, அங்கே ஜான்சன் அரசு 1964இல் வறுமைமீது போர் என்றது, 1965இல் குற்றத்தின்மீது போர் என்றது. இரண்டும் ஒரே நகரங்களில், ஒரே மக்கள்மேல். நமக்கு அதைவிட நெருக்கமான ஆவணம் இருக்கிறது. 1920களில் மதராஸ் லேபர் கமிஷனர் மேசையில் ஆதிதிராவிடர் மனை, பள்ளி, கிணறும் வந்தது, குற்றப் பரம்பரைக் குடியேற்றமும் கள்ளர் சீரமைப்பும் வந்தது. உதவியும் கண்காணிப்பும் ஒரே கையெழுத்தில். அந்த ஆண்டறிக்கைகளை அடுத்தடுத்துப் படிப்பது உங்கள் ஆய்வின் முதுகெலும்பாகலாம்.

வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. அடிமை முறை 1865இல் அங்கே ஒழிந்தபோது, அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தமே 'குற்றத்துக்குத் தண்டனையாக' கட்டாய உழைப்பை விட்டுவைத்தது. தெற்கு மாநிலங்கள் நாடோடிச் சட்டம் போட்டு ஆட்களைப் பிடித்து, கைதிகளைத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டன. டெல்டா மிராசுதாருக்கு உழைப்பைப் பிடித்துவைக்கச் சிறை தேவைப்படவில்லை, முன்பணமும் குடியிருப்பு மனையும் போதும். வெளியேறியவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனார்கள். 'இனம்' என்ற சொல்லை 'சாதி' என்பதற்குப் பதிலாக வைத்து எழுதினால் இந்த வித்தியாசமெல்லாம் மறைந்துவிடும்.

வடவாறு எழுதியது:

பிழைப்பு பற்றி நேராகச் சொல்கிறேன் அம்மா.

முதல் படி நெட், அதாவது கல்லூரி ஆசிரியர், ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு. வரலாற்றுத் தாள் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான் வரும், தமிழில் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொல்லில் தடுக்கி மதிப்பெண் இழக்கிறார்கள், ஆறு மாதம் முன்பே ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் பழகுங்கள். 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிவு இல்லை. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் (2023 ஜனவரி முதலான விகிதம்), வீட்டு வாடகைப்படி தனி. பயணத்துக்கும் நகலுக்கும் வரும் தொகை கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு வருஷம் ஆண்டுக்கு 10,000தான். எழும்பூரில் மாதக்கணக்கில் தங்க அது போதாது, மாத உதவித்தொகையில் ஒதுக்கத்தான் வேண்டும். வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருஷத் தளர்வு உண்டு.

2024இலிருந்து ஜே.ஆர்.எஃப்.க்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் கீழே, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் என்று மூன்றாவது தகுதியும் இருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும், 70 விழுக்காடு தேர்வுக்கு, 30 நேர்காணலுக்கு. எம்.ஃபில். போய்விட்டது. 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று வருஷம், கூடியது ஆறு. இந்த வகை ஆய்வு மூன்றில் முடியாது, ஐந்து என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

வெளிநாடு போக மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருந்தால் விதியைப் படித்துவிட்டு நம்புங்கள். பட்டியல் சாதியினர், சீர்மரபினர் (முன்பு குற்றப் பரம்பரை என்று பதிவானவர்கள்), நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான திட்டம் அது. ஆனால் 2022இலிருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்குக் கிடையாது என்று விலக்கிவிட்டார்கள். யாருடைய வரலாற்றை எழுத வேண்டுமோ அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கே அந்த வாசல் மூடியிருக்கிறது. இது பெரிய அநியாயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தாங்களே கொடுக்கும் முழு உதவித்தொகைக்குத்தான் முயல வேண்டும்.

வேலை: அரசுக் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போதுதான், வருஷா வருஷம் வராது. இடைப்பட்ட காலத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலையில் மாட்டினால் வகுப்புச் சுமையில் ஆய்வு நின்றுவிடும். பழைய கையெழுத்துத் தமிழும் மோடி எழுத்தும் (மராத்தியின் பழைய கூட்டெழுத்து) படிக்கத் தெரிந்தவருக்கு நூலக, ஆவணத் திட்டங்களில் குறுகிய கால வேலை கிடைக்கும். மோடி கற்கத் தஞ்சாவூரைவிட நல்ல ஊர் இல்லை, சரஸ்வதி மகாலில் மராத்தியர் காலக் கட்டுகள் இருக்கின்றன. சட்டப் பக்கமும் தேவை கூடுகிறது. 2024 அக்டோபர் 3இல் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தபோது, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு தீர்ப்பிலேயே இடம்பெற்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைக் கணக்கில் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இந்த எண்ணின் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களை வக்கீல்களும் பத்திரிகைகளும் தேடுகிறார்கள். ஆனால் அது மாதச் சம்பளமாக வராது, அதையும் சொல்ல வேண்டும்.

பாமணியாற்றுப் பெண் எழுதியது:

அண்ணன்மாருக்கு மிகுந்த நன்றி. மன்னார்குடி தாலுகா, 1911–1948, மூன்று கிராமம் என்று சுருக்கிக்கொள்கிறேன். பண்ணையாள், குறவர் இரண்டு தரப்பு மட்டும். ஒரு சந்தேகம் பாக்கி. பெரியவர்களிடம் பேட்டி எடுக்கலாமா? அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது மிகக் குறைவு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

கோரையாறு எழுதியது:

எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். சவுக்கடிக்குக் கேஸ் கட்டு இல்லை என்று மேலே சொன்னார்களே, அதற்கு இருக்கும் ஒரே ஏடு மக்கள் வாய்தான். ஆனால் இரண்டாம் தலைமுறை சொல்வதை 1930இல் நடந்ததற்கு நேர்ச் சாட்சியாகப் போடாதீர்கள். வீட்டில் எதைச் சொல்லி வளர்த்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்குச் சாட்சியாகப் போடுங்கள். தேதி கேட்காதீர்கள். 'மேட்டூர் அணையில் முதல் தண்ணி வந்ததுக்கு முன்னயா பின்னயா', '52 புயலுக்கு முன்னயா' என்று கேட்டால் பதில் வரும். மேட்டூர் 1934, டெல்டாவை அடித்த புயல் 1952 நவம்பர் கடைசி. அதே வருஷம் ஆகஸ்டில் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. இந்த மூன்றையும் முளைக்குச்சியாக நட்டுக்கொண்டால் பேச்சைக் காலத்தில் கட்டலாம்.

கூலியைப் பணத்தில் கேட்காதீர்கள். மரக்காலில் கேளுங்கள், எந்த மரக்கால் என்றும் கேளுங்கள். அளக்கும் மரக்கால் வேறு, கொடுக்கும் மரக்கால் வேறு என்று வைத்திருந்த பண்ணைகள் உண்டு. 1940களில் விவசாயச் சங்கம் போட்ட ஒப்பந்தங்களில் முத்திரை மரக்கால் (அரசு முத்திரையிட்ட சரியான அளவு) ஏன் கோரிக்கையானது என்பது அங்கேதான் விளங்கும்.

சட்டப் பக்கம் ஓர் எச்சரிக்கை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரிடம் சொல்வதற்கு இல்லை. உங்கள் பதிவை யாரேனும் கோர்ட் வழியாகக் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம். ஆகவே இப்போது நடக்கும் வழக்கு, உயிரோடு இருப்பவர் செய்த குற்றம் பற்றிப் பேச்சு திரும்பினால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். பெயர்ப் பட்டியலையும் ஒலிப்பதிவையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒப்புதலைக் கையெழுத்தில் வாங்குவதைவிடக் குரலில் வாங்குங்கள். கைரேகை வைத்துப் பதிவு செய்யப்பட்ட சமூகத்தில் போய்த் தாளை நீட்டி 'இங்கே ரேகை வையுங்கள்' என்பது தவறு.

சாதிப் பெயர் எழுதும்போது இன்றைய சீர்மரபினர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சிக் குறவர், கலாக் குறவர், கந்தர்வக்கோட்டைக் கள்ளர் என்று பெயரும், பக்கத்திலேயே மாவட்டமும் போட்டிருக்கும். மாவட்டம் மாறினால் சான்றிதழ் கிடைக்காது. குற்றப் பரம்பரை என்று அறிவித்த பழைய அறிவிப்புகளில் போலீஸ் கிழித்த எல்லைதான் இப்போதும் தாலுகா ஆபீசில் சான்றிதழுக்கு நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது. பேட்டிக்குப் போகும் வீட்டில் முதல் கேள்வியாக உங்களிடமே அதைத்தான் கேட்பார்கள்: எங்கள் பெயர் எந்த கெஜட்டில், எந்தத் தேதியில் இருக்கிறது என்று. எழும்பூரில் அந்தப் பக்கத்தின் நகலை முதலில் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு ஊருக்குப் போங்கள்.